நொண்டி நாடகத்தில் மருதப்பனுக்குக் கிடைத்த வேஷம்

சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆன காலம். குதிரை வண்டிகளும் விட்டுக்கொடுக்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் குதிரைகளில் பன்னிரண்டைக் குளிப்பாட்டிப் புல் போட்டுப் பார்த்துக்கொண்டவர் மருதப்பன். பிறவியிலேயே அவருக்கு இடது கால் நாலு விரற்கடை குட்டை. நடந்தால் தோள் ஒரு தரம் ஏறும், ஒரு தரம் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை, அவருக்கு அதுதான் நடை. அவர் பின்னாலேயே கால்வாய்க்கரைக்குப் போய்ப் போய் லாயத்துக் குதிரைகளும் தோளை ஆட்டி நடக்கப் பழகிவிட்டன என்று ஊரில் பேச்சு. வண்டியில் ஏறியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள்.

மருதப்பனுக்கு இருந்த தொல்லை ஒன்றே ஒன்று. நொண்டி நாடகம்.

அந்த நாடகத்தில் ஒருவன் குதிரை திருடப் போவான், பிடிபடுவான், தண்டனையில் கால் போகும். அப்புறம் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து ஊர் ஊராகப் போய்த் தன் பாவத்தையெல்லாம் பாட்டாகச் சொல்லி அழுவான். கடைசியில் முருகன் சந்நிதியில் விழுவான், கால் முளைக்கும். ஊர் நாடக சபைக்காரர்கள் பங்குனி உத்திரம் தவறாமல் கோவில் பந்தலில் இதைப் போடுவார்கள். போட்ட மறுநாளிலிருந்து மருதப்பனால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"மருதப்பண்ணே, எந்த ஊரு குதிரையத் திருடினீங்க?"

"திருடினவன் எவனாச்சும் அந்தக் குதிரைக்கே லத்தி அள்ளிக்கிட்டுக் கெடப்பானாடா?"

கோவிலுக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட அருகில் வந்து, "மனசுருகி வேண்டிக்கப்பா, கால் வந்துடும்" என்று உருகுவார்கள். மருதப்பன் பக்தியில் குறைந்தவர் அல்ல. திருநீறு பூசாமல் குதிரையைத் தொடமாட்டார். ஆனாலும் காலைப் பற்றி முருகனிடம் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அவர் கேட்டதெல்லாம் வேறு. 'அப்பனே, அந்த நொண்டி வேஷத்தை ஒரே ஒரு தரம் எனக்குக் கொடு. பேச்சு வாங்குகிறவன் நான், மாலை வாங்குகிறவன் சேதுபதி, இது உனக்கே நியாயமா?'

சேதுபதி என்பவர் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். அதனால் ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் அவரே நொண்டி.

அந்த வருஷம் மருதப்பன் துணிந்து நாடக வாத்தியார் பரமசிவத்திடம் போய்க் கேட்டுவிட்டார். வாத்தியார் அவரை முற்றத்தில் இரண்டு தரம் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உன் நொண்டல் பத்தலையேப்பா."

"என்ன சொல்றீங்க?"

"கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா? சேதுபதி நொண்டினா தெருக்கோடி எருமைக் கொட்டகை வரைக்கும் தெரியும்."

"அவரு தவளை மாதிரியில்ல குதிக்கிறாரு! எந்த நொண்டி அப்படிப் போறான்?"

"நாடகத்துல அப்படித்தான் போவான். அதுகூடப் போகட்டும். கடைசியில முருகன் கால் கொடுக்கிறாரு. நீ எந்திரிச்சு இதே மாதிரி தோளத் தூக்கித் தூக்கி நடந்தீன்னா முருகனுக்கில்ல கெட்ட பேரு?"

முருகன் பேரைக் கெடுக்க மருதப்பனுக்கு மனசு வருமா? "அப்ப திரையாவது இழுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி பூவம்மா விடவில்லை. "திரை இழுக்கக் கால் சரியா இருக்குதாமா?"

"அதுக்குக் கைதானே வேணும்."

"பார்த்துக்கங்க, அந்தக் கையையும் கட்டிக்கிட்டு வரச் சொல்லப் போறாங்க."

உத்திரத்தன்று மத்தியானம் பந்தல் நிரம்பி வழிந்தது. சேதுபதி இடது காலைப் பின்னால் மடக்கி, குதிகாலைத் தொடையோடு சேர்த்து இறுகக் கட்டி, மேலே சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். தவளைக் குதிப்பு அன்றைக்குப் பிரமாதம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஜனங்கள் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கத்தினார்கள். சேதுபதியும் சளைக்காமல் பாடினார். ஒரு மணி நேர நாடகம் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. திரைக்கயிற்றைப் பிடித்து ஓரமாக நின்ற மருதப்பனுக்குச் சால்வைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கால்விரல்கள் தெரிந்தன. அவை நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தன.

"அண்ணே, கட்ட அவுத்துக்கங்க" என்றார் மெதுவாக.

"நொண்டி வேஷத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு சேதுபதி அடுத்த பாட்டுக்குக் குதித்துப் போனார்.

அருள் கிடைக்கும் காட்சி வந்தது. மணி அடித்தது, சங்கு ஊதிற்று, கற்பூரம் எரிந்தது. முருகன் வேஷக்காரர் வேலை நீட்டினார். கட்டு அவிழ்ந்தது. "கால் வந்ததே!" என்று சேதுபதி துள்ளி எழுந்தார், எழுந்த வேகத்தில் பொத்தென்று விழுந்தார். வேலைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார், மறுபடி வேலோடு விழுந்தார்.

"ஐயோ, மரத்துப்போச்சே!"

முருகனே நேரில் வந்து கொடுத்தும் கால் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? "சாமி குத்தமோ" என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

"திரைய இழுப்பா!" என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

மருதப்பன் கயிற்றைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். பாதி வரத்தில் திரையை மூடினால் முருகன் பேர் என்ன ஆவது? கயிற்றை விட்டார். விறுவிறுவென்று மேடைக்கு நடந்தார். சேதுபதி மேலிருந்த சால்வையை உருவித் தான் போர்த்திக்கொண்டு, கடைசிப் பாட்டை எடுத்தார். தோள் ஏறியது, இறங்கியது, பாட்டும் கூடவே ஏறி இறங்கியது.

"அட, இது நம்ம மருதப்பண்ணன்! அப்ப கீழ கெடக்கறது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

வாத்தியார் திரைமறைவிலிருந்து பதறிப்போய்க் கத்தினார். "அது அவன் பழைய பாவம்! கழண்டு கெடக்குது!"

சேதுபதி பாவம் மாதிரியே அசையாமல் கிடந்தார்.

"கால் வந்தும் சாய்ஞ்சுதானே நடக்கறான்?" என்றது இன்னொரு குரல்.

கூட்டத்தில் இருந்த பூவம்மா எழுந்து நின்றுவிட்டாள். "கொடுத்தவரு முருகன். அளவு பார்க்க நீ யாரு? எந்திரிச்சு நடக்குதில்ல? கும்பிடுய்யா!"

அவ்வளவுதான். பந்தல் முழுக்க எழுந்து "அரோகரா!" போட்டது. மாலை மருதப்பன் கழுத்தில் விழுந்தது. அவர் அழுதுகொண்டே பாட்டை இன்னொரு தரம் பாடினார், யாரும் கேட்காமலேயே.

அடுத்த வருஷம் வாத்தியாரே லாயத்துக்கு வந்தார். "மருதப்பா, இந்தத் தடவை முழு வேஷமும் உனக்குத்தான்."

மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே இடது காலைக் கட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தார். நாலாவது குதியில் புல்லுக்கட்டில் தலைகுப்புற விழுந்தார். எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இது ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்க செய்யற வேலை, வாத்தியாரே. நம்மால ஆகாது. சேதுபதியே குதிக்கட்டும். கால் வந்த பிறகு என்னக் கூப்பிடுங்க."

அப்படியே ஒன்பது வருஷம் நடந்தது. சந்நிதி வரைக்கும் சேதுபதி, அருள் கிடைத்த பின் மருதப்பன். சேதுபதிக்கும் அதில் மனக்குறை இல்லை. பாவமாகப் படுத்துக் கிடக்கும்போது நிதானமாகக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளலாமே.