ஆமைக்கு விற்ற நீல பல்பு

நண்பன் கல்ஃபுக்குப் போகும்போது அவனுடைய இரண்டு ஆமைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஆமை ஓடு உறுதியாக இருக்க வெயில் வேண்டும், இல்லையென்றால் புற ஊதா விளக்கு வேண்டும். இங்கே அடைமழை. தக்கலையில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் விளக்கு வாங்கி மாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து இன்று சின்ன ஆமையின் ஓட்டைத் தொட்டால் ஊறிய அப்பளம் மாதிரி அமுங்குகிறது. பல்பைக் கழற்றிச் சுரண்டினேன். நீலச் சாயம் உரிந்தது. உள்ளே சாதா பல்பு. எலெக்ட்ரிக்கல் படித்த எனக்கே இந்த ஏமாற்று வேலை!

நேராகக் கடைக்குப் போனேன். ஒரு அக்கா அதே மாதிரி நீல பல்பைக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, நகத்த வெச்சு ஒண்ணு சுரண்டிப் பாருங்க."

சுரண்டினார். விரலெல்லாம் நீலம்.

கடைக்காரர் என் கையைப் பிடித்தார். "மக்கா, வாங்க வந்த ஆள வெரட்டி கச்சவடத்தக் கெடுக்காத. ஒனக்கு நல்ல பல்பு தாறேன்."

"அண்ணாச்சி, அத அன்னைக்கே தந்திருந்தா என் ஆமைக்கு ஓடு நல்லா இருந்திருக்கும்லா?"

அக்கா பல்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு கடையில் நல்ல விளக்கு வாங்கி, ஏறிக் காய ஒரு செங்கல்லும் போட்டுவிட்டேன். ஓடு மெல்லத் தேறும் என்கிறார் கால்நடை மருத்துவர். தேறும்வரை ஞாயிறுதோறும் அந்த நீல பல்புக் கடைக்குப் போய்ச் சுரண்டுவதாக இருக்கிறேன்.

நகம் வளர்த்தவங்க யாராவது கூட வாறீங்களா?