ஜனக்புரி வாசலில் சிவப்புக் காலிப்பர்

கார் பிரேக் காலிப்பருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில்ல பெயின்ட் அடிக்கிறது கடைசியா வர்ற பாயசம் மாதிரி. அதுக்கு முன்னாடி துருவைச் சுரண்டறதுதான் முழுச் சாப்பாடு. தரையில குந்தி உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சு, முதுகைப் பிடிச்சுக்கிட்டே எழுந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தா வாங்க, நாம ஒரே கட்சி. இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை: முன் சக்கரத்துக்குள்ள பளபளன்னு ஒரு இரும்புத் தட்டு சுத்தும். பிரேக்கை மிதிச்சதும் அந்தத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைதான் காலிப்பர்.

ஜனக்புரியில எங்க ஃபிளாட் தரைத்தளம். முன்னாடி ஒரு கார் நிக்கிற அளவுக்கு சிமென்ட் வாசல். அதுதான் என் கராஜ், என் ஆபீஸ், என் ராஜ்யம். கல்யாணமாகி டெல்லி வந்த நாள்லேர்ந்து நான் செக்‌ஷன் ஆபீசர் சம்சாரம். கதவைத் தட்டறவங்க எல்லாம் என் வீட்டுக்காரரைத்தான் "பாய்சாப் இருக்காரா?"ன்னு கேப்பாங்க. இந்த வேலை வந்தப்புறம் "மேடம் இருக்காங்களா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு ருசி இருக்கு பாருங்க, அதை யாருக்கும் விட்டுத்தர்றதா இல்ல. பிடுங்கறதுக்குன்னே மாடி வீட்டுல ஒருத்தர் இருந்தார். அவர் கதையும் வருது. இதுல பேசறவங்க பாதிப் பேர் பேசினது ஹிந்தி. நான் என் தமிழ்ல தர்றேன்.

துரு தெரிஞ்ச நாள்

டெல்லியில அலாய் வீல் மோகம் தலைக்கேறியிருந்த சமயம். என் வீட்டுக்காரர் ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கி, கரோல் பாக் போய் அலாய் வீலும் மாட்டிக்கிட்டு வந்தார். வந்தவர் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துப் பூரிச்சுப் போனார். எனக்குப் பட்டது வேற. வீல் இடுக்கு வழியா உள்ள துருப்பிடிச்ச காலிப்பர் பல்லிளிக்குது. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு அடியில கிழிஞ்ச பாவாடை தெரியற மாதிரி.

எனக்குக் கை சும்மா இருக்குமா? வாசல் கேட்டுக்கு அடிச்சு மிச்சமிருந்த சிவப்பு பெயின்டை எடுத்து, தேய்ச்சும் தேய்க்காமலும் பூசிட்டேன். பார்க்க என்ன அழகுங்கிறீங்க! மறுநாள் ரிங் ரோடு டிராஃபிக்ல பிரேக்கை மிதிச்சு மிதிச்சு தௌலா குவான் போறதுக்குள்ள ஒரு தீய்ஞ்ச வாடை. லேசாப் புகை வேற. ஓரமா நிறுத்தி, இறங்கிக் குனிஞ்சு பார்த்துட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "வசந்தா, நீ அடிச்சது பெயின்டா, தாளிப்பா?"

கஷ்மீரி கேட்டில் ஒரு பரீட்சை

தாளிப்புன்னு சொன்னாரே, அந்த ரோஷத்துல நேரா கஷ்மீரி கேட் போயிட்டேன். கார் சாமான் கடை கடையா ஏறி இறங்கினேன், கண்ணுல பட்ட மெக்கானிக்கை எல்லாம் கேட்டுத் துளைச்சுத் தொழிலையும் கத்துக்கிட்டேன். சூடு தாங்கற பெயின்ட்னா எல்லாரும் சைலன்சருக்கு அடிக்கிற வெள்ளியையும் கறுப்பையும் நீட்டறாங்க. எனக்குச் சிவப்பு வேணும். கடைசிக் கடையில முதலாளி லாலாஜி கல்லாவை விட்டு நகராமலே, "நாளைக்கு பாய்சாபை அனுப்புங்க, அவருக்கு விளக்கிச் சொல்றேன்"னார்.

வந்துதே கோபம். "பாய்சாபுக்கு ஜாக்கி எந்தப் பக்கம் வைக்கணும்னே தெரியாது, லாலாஜி! முதல்ல நட்டைத் தளர்த்தணுமா, வண்டியைத் தூக்கணுமா, நீங்க சொல்லுங்க பார்ப்போம். வண்டி காத்துல நிக்கும்போது நட்டோட மல்லுக்கு நின்னா வண்டி மண்டை மேல வரும். ரப்பருக்கு டேப் ஒட்டணும், தட்டுக்குப் பேப்பர் சுத்தணும், பிரேக் ஆயில் வெளியேத்தற குட்டி மூக்கை மூடணும். ஒரே கோட்டுல மொத்தையா அப்பினா வழியும், மெல்லிசா அடிச்சுக் காயவிட்டு அடிக்கணும். இதையெல்லாம் பாய்சாபா செய்யப் போறார்?"னு மூச்சு விடாம கொட்டினேன். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. லாலாஜி எழுந்து, பரண் மேலேர்ந்து தூசி தட்டி ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து வச்சுட்டு, ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடமுக்கு ஸ்டூல் போடு, சாயா சொல்லு, இவங்க கேள்வி கேக்க வந்தவங்க இல்ல, கேள்வி கேட்டே கடையை வாங்கிடுவாங்க!"

கன்னாஜியின் வெள்ளைக் கார்

அந்தச் சிவப்பு ஒரு முழு வெயில் காலத்தைத் தாங்கிச்சு, மழையைத் தாங்கிச்சு. பார்த்தவங்க கேட்டாங்க, கேட்டவங்க வண்டியோட வந்தாங்க. கை நிறைய வேலை. சீக்கிரம் முடியட்டுமேன்னு ஒருநாள் ஸ்பிரே டின் வாங்கி அடிச்சேன். அன்னிக்குன்னு பார்த்து ஒரு காத்து. மாடி வீட்டு கன்னாஜியோட வெள்ளைக் கார் பக்கத்துலயே நின்னுது. பானெட் பூரா பொடிப்பொடியாச் சிவப்பு. அம்மை போட்ட குழந்தை மாதிரி நின்னுது அந்தக் கார்.

பாலிஷ் வாங்கி, நாள் பூரா தேய்ச்சு, ஒரு புள்ளி இல்லாம எடுத்துக் கொடுத்தேன். அன்னியோட ஸ்பிரேயைத் தலைமுழுகி பிரஷ்ஷுக்கே திரும்பிட்டேன். ஆனா கன்னாஜி மனசுல விழுந்த புள்ளி போகல. அவர் காலனி சங்கத்துக்குச் செயலாளர் வேற. படிக்கட்டுல நின்னுக்கிட்டு, நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி சொன்னார்: "இது காலனி, கராஜ் இல்ல மேடம், மீட்டிங்ல வச்சு உங்க கடையை மூடலேன்னா என் பேர் கன்னா இல்ல!"

டிக்கா கேரண்டி

ஆயுத பூஜை அன்னிக்கு எங்க வீட்டுல கத்தரிக்கோல்லேர்ந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. வாசல்ல பல்பீர் சிங்னு ஒரு சர்தார்ஜியோட கார் காலிப்பர் அடிச்சு முடிச்சுக் காய்ஞ்சுக்கிட்டிருந்தது. இதுவும் நம்ம கைவேலைதானேன்னு அதுக்கும் ஒரு பொட்டு வச்சு விட்டேன். அவரும் கும்பிட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்.

கொஞ்ச நாள்ல மனுஷன் பதறிக்கிட்டு வந்து நிக்கிறார். "மேடம், வண்டி கழுவினதுல முத்திரை போயிடுச்சு! கேரண்டியும் போச்சா?" எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால அமுக்கிக்கிட்டு, உள்ள போய்க் குங்குமச் சிமிழை எடுத்துக்கிட்டு வந்து வச்சு விட்டேன். அது வெறும் பூஜைப் பொட்டுன்னு விளக்கிச் சொன்னா நம்பினாத்தானே? அவர் அனுப்பி வந்தவங்க எல்லாம் பெயின்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி பொட்டைத் தேடினாங்க, அவங்க பாஷையில டிக்கா. ஒருத்தருக்கு மறந்து போய் வைக்காம விட்டுட்டேன், பல்பீர் சிங் சிபாரிசுல வந்தவர்தான். சாவியை வாங்காம கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னார்: "டிக்கா இல்லாத காலிப்பர் டூப்ளிகேட், மேடம்!"

பின்னாடி எங்கே?

வக்கீல் ஒருத்தர் வந்தார். வேலை முடிஞ்சதும் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, "முன்னாடி ரெண்டு சரி. பின்னாடி ரெண்டு எங்கே?"ன்னு குறுக்கு விசாரணை. அப்போ நம்ம ஊர் கார்கள்ல முக்கால்வாசிக்குப் பின்னாடி டிஸ்க்கும் கிடையாது, காலிப்பரும் கிடையாது. சட்டி மாதிரி டிரம்தான். சொன்னா கேக்கணுமே! கோட்டு போட்ட மனுஷனை என் பக்கத்துல குந்த வச்சு, சக்கரத்தைக் கழட்டிக் காட்டினேன். டிரம்மைத் தட்டிப் பார்த்தார், சந்து பொந்தெல்லாம் தேடினார், இல்லாத காலிப்பர் வருமா? எழுந்து முழங்காலைத் தட்டிக்கிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "கேஸ் நீங்க ஜெயிச்சீங்க, ஆனா அந்தச் சட்டிக்கும் சிவப்பு அடிச்சிடுங்க, இல்லேன்னா என் சம்சாரம் அப்பீல் போவா."

ஆந்தி வந்த சாயங்காலம்

குர்காவ்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கற நாகர்கோவில் பையன் ஜெபராஜ். தமிழ்க்காரங்கன்னு கேள்விப்பட்டு அத்தனை தூரம் தேடி வந்தவன். நல்ல மே மாசம். கடைசிக் கோட்டு அடிச்சு நிமிர்றேன், வானம் மஞ்சளாயிடுச்சு. டெல்லிக்காரங்க ஆந்திம்பாங்களே, அந்தப் புழுதிக் காத்து. ஓடிப் போய்ப் போர்வையைக் கொண்டு வந்து மூடினேன். போர்வை எதிர்வீட்டு வேப்ப மரத்துக்குப் போயிடுச்சு. ராஜஸ்தான் மண்ணு பூராவும் என் ஈரப் பெயின்ட் மேல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சுரண்டிட்டுத் திரும்ப அடிக்கலாம்னு நினைக்கறதுக்குள்ள ஜெபராஜ் வந்துட்டான். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். கண்ணு விரியுது. "என்ன ஃபினிஷ் அக்கா இது!"ங்கிறான். "ஃபினிஷாவது மண்ணாவது! மண்ணுதான்டா தம்பி, புழுதி ஒட்டிக்கிச்சு, நாளைக்கு வா, சரி பண்ணித் தர்றேன்"னேன். நம்பவே இல்ல. கண்ணடிச்சுட்டுச் சொல்றான்: "தொழில் ரகசியத்தை மறைக்காதீங்க அக்கா, என் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் இதே சொரசொரப்பு வேணும்."

பார்க்கில் பஞ்சாயத்து

குளிர்கால ஞாயித்துக்கிழமை. காலனி பார்க்ல வெயில் காய்ஞ்சுக்கிட்டு, வேர்க்கடலை உரிச்சுக்கிட்டே சங்கத்து மீட்டிங். தண்ணி டேங்க், தெருநாய், அதுக்கப்புறம் நான். காலையிலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கல. வாசல் போயிட்டா, பழையபடி கதவைத் திறந்து "பாய்சாப் ஆபீஸ் போயிருக்கார்"னு சொல்லிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்னு ஒரு பயம்.

கன்னாஜி சாட்சியோட வந்திருந்தார். அவரோட மாப்பிள்ளை, மாமனாருக்குத் தெரியாம என்கிட்ட காலிப்பர் அடிச்சுக்கிட்டுப் போனவர். அந்தக் காரையே பார்க் கேட்டுல நிறுத்தி, "எல்லாரும் வந்து பாருங்க! டிக்கா வச்சு ஊரை ஏமாத்தற வேலை!"ன்னு இடது முன் சக்கரத்தைக் காட்டினார். பெயின்ட் பொரிச்ச அப்பளமா உப்பி, தோல் தோலா உரிஞ்சு தொங்குது. கூட்டத்துல யாரோ சீச்சீன்னாங்க. என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

நான் வலது பக்கம் போய்ப் பார்த்தேன். அடிச்ச அன்னிக்கு இருந்த அதே சிவப்பு. ஒரே டப்பா, ஒரே கை. அப்புறம் இது மட்டும் ஏன் உரியுது? புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு இடது பக்கம் குந்தினேன். விரலை விட்டுத் தடவினா வழவழன்னு ஈரம். விரலை மோந்து பார்த்தேன், பிரேக் ஆயில். வெயில், மழை எல்லாத்தையும் தாங்கற என் பெயின்ட் தாங்காதது பிரேக் ஆயிலை. அது பட்டா வழிச்செடுத்த மாதிரி உரிஞ்சிடும்.

"மாப்பிள்ளை, பானெட்டைத் திறங்க"ன்னேன். பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் அடிக்கோட்டுக்கும் கீழ கிடக்கு. "பெயின்ட் கெட்டுப் போகல கன்னாஜி, உங்க பொண்ணு போற வண்டியில பிரேக் ஆயில் ஒழுகுது!"ன்னு நான் போட்ட சத்தத்துல வேர்க்கடலை உரிக்கிற சத்தம் நின்னு போச்சு. மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிடுச்சு. மறுநாள் காலையில பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு, அதே வண்டியில மசூரி மலைக்குக் கிளம்பறதா இருந்தார்.

கன்னாஜி விடல. "ஆயில் குழாயை நீங்களே கம்பி பிரஷ்ஷால கிழிச்சிருப்பீங்க"ன்னார். எனக்கு ரத்தம் கொதிச்சது. அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கையே வரவழைக்கச் சொன்னேன். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பார்த்தார். ஆயில் போற ரப்பர் குழாய், மேல வண்டி பாடியோட சேர்ற முனையில, பழசாகி வெடிச்சிருக்கு. என் பிரஷ் எட்டவே எட்டாத இடம். அங்கேர்ந்து கசிஞ்சு இறங்கித்தான் காலிப்பர் நனைஞ்சிருக்கு. கையைத் துடைச்சுக்கிட்டே மெக்கானிக் கன்னாஜிகிட்ட சொன்னார்: "சிவப்பு உரிஞ்சதாலதான் சார் கண்ணுல பட்டுது, வெறும் துரு மேல ஒழுகியிருந்தா மலையிலதான் தெரிஞ்சிருக்கும்."

அடுத்த ஞாயிறு

என் விஷயம் அதுக்கப்புறம் மீட்டிங்ல வரவே இல்ல. கன்னாஜி பொண்ணு குழந்தையோட வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. எனக்கும் கண்ணுல தண்ணி. கன்னாஜி மட்டும் வாரம் பூரா படிக்கட்டுல என்னைப் பார்த்தா ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டே இறங்கினார்.

ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஹாரன். போய்ப் பார்த்தா, அந்த வெள்ளைக் கார் என் சிமென்ட் வாசல் நடுவுல நிக்குது. கன்னாஜி இறங்கினார். கதவைத் திறந்தது என் வீட்டுக்காரர்தான். அவரைத் தாண்டி உள்ள பார்த்து, "மேடம் இருக்காங்களா?"ன்னார். எனக்கு அதுவே போதும்னு இருந்தது. நான் வெளிய வந்ததும் சாவியை நீட்டிச் சொன்னார்: "சிவப்பே அடிங்க மேடம், டிக்கா மட்டும் கொஞ்சம் பெரிசா வையுங்க."

ஆக, என்னோட சேர்ந்து குந்தி முதுகு பிடிச்ச மகாஜனங்களே, குனிஞ்சாத்தான் கண்ணுல படற ஒரு இரும்புத் துண்டுக்கு வர்ணம் அடிச்சு அடிச்சே, நிமிர்ந்து கூடப் பார்க்காத ஒரு காலனியை என் வாசலைப் பார்க்க வச்சுட்டேன்!