டிவி அடங்கியது, நான் அடங்கவில்லை

ஐந்தாவது ஓவர் முடிந்தபோதுதான் கவனித்தேன், டிவியில் வரும் தண்ணீர்த் தொட்டி விளம்பரத்தோடு என் உதடும் சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

செங்கம் ரோட்டில் சித்தியின் டிபன் கடை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து தோசைக்கல் என் பொறுப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் தலையாட்டுவதோடு சரி, பேச மாட்டேன்.

இன்று கிரிக்கெட் பைனல் என்பதால் நல்ல கூட்டம். ஓவருக்கு ஓவர் அதே விளம்பரம்.

பத்தாவது ஓவரில் ஆட்டோ அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பைனலுக்காவது புதுசா ஒண்ணு எடுக்க மாட்டானுங்களா? சத்தத்த நிறுத்துங்கக்கா!"

சித்தி ரிமோட்டை அழுத்தினார். டிவி அடங்கியது. நான் அடங்கவில்லை.

"இடி விழுந்தாலும் உடையாது!"

அந்த விளம்பரக்காரரின் கட்டைக் குரலில் நான் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு மாவு அண்டாவுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"அட, இந்தப் பொண்ணு பேசுமா?" ஆட்டோ அண்ணன் சிரித்தார். "டிவிக்காரனவிட ஜோரா சொல்லுதே!"

அடுத்த ஓவர் முடிந்ததும், யாரும் கேட்காமலே சித்தி சத்தத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கடையே பார்த்தது.

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.