செருப்புக்கு அப்புறம் அப்பா

அவரை நாங்கள் எல்லோரும் ‘டாட்டா அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். யாரோ கேலியாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் மழலையர் பள்ளியில் இரண்டு வயதுக்காரர்களின் அறை அவர் பொறுப்பு. அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர், அது யாராக இருந்தாலும், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “நான் போயிட்டு வர்றேன், டாட்டா” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பொம்மையைக் காட்டி, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நழுவக் கூடாது.

“அழுவாளே அக்கா?” என்று என் மகளைச் சேர்த்த முதல் நாள் நானும் கேட்டேன்.

“அழட்டுமே. தூக்கி வெச்சுக்கத்தானே நான் இருக்கேன்.”

இதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று சிரிப்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் குழந்தையிடம் சொல்லும் பொய், பொய்யாகவே கருதப்படுவதில்லை. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் போலீஸ், ஊசி வலிக்கவே வலிக்காது, அம்மா இதோ கடைக்குப் போய்விட்டு ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவாள். இப்படி ஏமாற்றியே வளர்த்துவிட்டு, பெரியவனானதும் கண்டதையெல்லாம் கேள்வி கேட்காமல் நம்புகிறானே என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

புதிதாகச் சேரும் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ ஆரம்பத்தில் சில நாட்கள் அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதுவும் அக்காவின் ஏற்பாடுதான். முட்டி காதைத் தொடும் ஒரு குட்டி நாற்காலியில், மூலையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். ஒழுகும் மூக்கைத் துடைக்கும் முன், “மூக்கைத் தொடைக்கப் போறேன், சரியா?” என்று கேட்பார். “தூக்கட்டுமா?” என்று கை நீட்டிக் காத்திருப்பார். பிள்ளைகளே ஜாடியிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். பாதி தரையில் கொட்டும். துடைக்கும் துணி, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கும். ஒருவரும் திட்டுவதில்லை, ஊற்றியவரே துடைப்பார். நாட்டில் பெரியவர்கள் நடத்தும் பல அலுவலகங்களில் இவ்வளவு நாகரிகம் இல்லை.

நான் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் பஸ் டிரைவரின் மகன் சேர்ந்தான். அப்பா ஆள் மலை மாதிரி, முரட்டு மீசை. மகன் உதட்டைப் பிதுக்கினால் போதும், மலை உருகிவிடும். இரண்டாம் நாள் அவர் ஒரு தந்திரம் செய்தார். தன் டிரைவர் தொப்பியைக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். “பாரு கண்ணு, அப்பா தொப்பி இங்கேயே இருக்கு. அப்போ அப்பாவும் இங்கதான் இருக்கேன்” என்றார். அக்கா இன்னொரு குழந்தையைக் கழுவிவிடப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்.

பையன் அழவில்லை. எட்டிப் பார்த்த தாளாளர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!” தாளாளர் அம்மா கெட்டவர் இல்லை. பள்ளியின் தரம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

அமைதியாம் அமைதி. அந்தக் குழந்தை கொக்கிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது. சாப்பிட வரவில்லை. மணல் தொட்டிக்கும் போகவில்லை. கழிப்பறைக்குப் போனால் தொப்பி போய்விடுமோ என்று உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாகியது.

சாயங்காலம் வந்த டிரைவரை அக்கா கதவருகில் நிறுத்தினார். “சார், தொப்பி இல்லாம வண்டி ஓட்டினா திட்ட மாட்டாங்களா?”

“திட்டுறாங்கதான். போகட்டும்க்கா. பையன் அழல இல்ல?”

“அழல. சாப்பிடல, விளையாடல, அசையவே இல்ல. நாள் பூரா உங்க தொப்பிக்கு வாட்ச்மேன் வேலை பாத்தான்.”

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. “நேரா சொன்னா காலைக் கட்டிக்குவான்க்கா. என்னால தாங்க முடியாது.”

“அப்போ கஷ்டம் அவனுக்கா, உங்களுக்கா?”

“எனக்குத்தான்” என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

மறுநாள் நேராகச் சொன்னார். பையன் கூரை அதிர அழுதான். தாளாளர் அம்மா விரைந்து வந்தார். “வெள்ளிக்கிழமை புது அட்மிஷனுக்குப் பார்க்க வர்றாங்க. அன்னிக்கும் இந்தக் கச்சேரி நடந்தா, நீங்க கிச்சனைப் பாத்துக்கோங்க. பிள்ளைங்களை கேட்லயே வாங்கிட்டு, பெத்தவங்களை அப்படியே அனுப்பிடலாம்.”

“சரிங்கம்மா” என்றார் அக்கா. “வெள்ளிக்கிழமை வரைக்கும் இது என் ரூம்.”

குரல் நடுங்கவில்லை, ஆனால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

“சமையல் எனக்கு வரும்ங்க. அதுக்குப் பயமில்ல” என்றார். “என் மக சின்னவளா இருக்கும்போது நான் தையல் கம்பெனிக்குப் போனேன். தினம் அவ தூக்கத்துல இருக்கும்போதே கிளம்பிடுவேன். இப்போ அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. நான் குளிக்கப் போனாக்கூட ‘எங்கம்மா போற?’ன்னு கேக்குறா. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. இதுங்களுக்கும் அப்படி ஆகணுமா?”

அன்றே ஜன்னல் திட்டில் நான்கு பொருட்களை வரிசையாக வைத்தார். தட்டு, தலையணை, மண் அள்ளும் வாளி, கடைசியில் பையனின் செருப்பு. “சாயங்காலம்னா அவனுக்கு என்ன தெரியும்? இது தெரியும்.” சாப்பிட்டதும் தட்டை அவனே எடுத்துக் கூடையில் போட வேண்டும். தூங்கி எழுந்தால் தலையணை, மணலில் ஆடிவிட்டு வந்தால் வாளி. செருப்பு மட்டும் மிஞ்சினால் அதைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் போக வேண்டும். அங்கே அப்பா நிற்பார். நிற்கவும் வேண்டும். டிரைவர் சக ஊழியரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் கடைசி டிரிப்பை மாற்றிக்கொண்டார்.

அந்த நாட்களில் பையன் காலையில் அழுதபடியேதான் இருந்தான். ஆனால் அழுதுகொண்டே போய்த் தட்டை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை வராந்தா நிறைய புதுப் பெற்றோர். தாளாளர் அம்மா புன்னகையைக் கழற்றாமல் நின்றார். டிரைவர் வந்தார். பதற்றத்தில் தொப்பியைப் பழையபடி கொக்கியில் மாட்டிவிட்டு, மண்டியிட்டு, “கண்ணு, அப்பா போயிட்டு வர்றேன். டாட்டா” என்றார்.

முகம் கோணி, பையன் வீறிட்டான். வராந்தாவில் பேச்சு நின்றது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டே விட்டார். “ஏங்க, பிள்ளையை இப்படியா அழ விடுவீங்க?”

அக்கா அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார். “அவங்க அப்பா போறாரு. இவனுக்குப் பிடிக்கல, அழறான். கொஞ்ச நேரத்துல நிறுத்துவான். நிறுத்தலைன்னாலும் நான் இங்கதான் இருப்பேன்.”

பையன் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். விசும்பிக்கொண்டே கொக்கியைக் காட்டினான். அக்கா தொப்பியை எடுத்துக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடி, வாசற்படியில் அப்பாவைப் பிடித்துவிட்டான்.

“தொப்பி போட்டுக்கோ.”

டிரைவர் குனிந்தார். அவனே தலையில் வைத்தான்.

“செருப்புக்கு அப்புறம் வா.”

மீசை துடித்தது. “வர்றேன்டா. செருப்புக்கு அப்புறம் டாண்ணு வந்துடுவேன்.”

“என்ன செருப்பு?” என்றார் அந்தப் பெண். பையன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை ஜன்னலுக்கே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். “சாப்பாடு. தூக்கம். மண்ணு. செருப்பு. அப்பா!”

அவர் தாளாளர் அம்மாவிடம் திரும்பினார். “என் பொண்ணை இவங்க ரூம்லதானே போடுவீங்க?”

தாளாளர் அம்மா அக்காவைப் பார்த்தார். “ஆமா. இவங்க ரூம்தான்.”

கேட்டில் வாங்கும் திட்டம் அதோடு போனது. தேடிவந்த ஒரு பெண் கேட்டதால்தான் இது நடந்தது, அக்கா சொன்னதால் அல்ல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. பிள்ளை வளர்ப்பைக் கூலி வேலையாக நினைக்கும்வரை, அந்த வேலையைச் செய்கிறவர் தன் நியாயத்துக்கு வெளியாள் சாட்சியைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் கோபத்தைவிட நன்றி பெரிது. இப்போதெல்லாம் என் மகள் கதவருகில் என் முட்டியைத் தள்ளுகிறாள். “டாட்டா சொல்லிட்ட இல்ல? கிளம்பு.” நான் திரும்பிப் பார்க்கிறேன், அவள் பார்ப்பதில்லை. வருவேன் என்று அவளுக்குத் தெரியும். அதை அவளுக்குள் வைத்தவர், தரையில் உட்கார்ந்து யாருக்கோ மூக்கு துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரைவர் வந்தபோது பையன் கதவுக்கு எதிரே தயாராக உட்கார்ந்திருந்தான், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு.