படகுப் பட்டியலில் மூன்று பேர்

ஷெரின் ஆவூர்க்காரி. எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அப்பா ஆரோக்கியதாஸ் பக்கவாதத்தில் விழுந்ததும் ஊர் திரும்பிவிட்டாள். இப்போது திருக்கோகர்ணத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில், நிலவழகன் நடத்தும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இடம்.

போன வருஷம் மணமேல்குடிப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று வந்து கேட்டது. தினமும் எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஷெரின் அதை ஆசையாகச் செய்தாள். படகுக்கு ஒரு பதிவு, ஆளுக்கு ஒரு பதிவு. ஆள் படகு மாறினால் இரண்டும் சேர்ந்து மாற வேண்டும்: பழைய படகின் பட்டியலிலிருந்து பேர் நீங்கி, புதுப் படகில் ஏற வேண்டும். ஆளின் பதிவைச் சேமிக்கும்போதே இதெல்லாம் நடக்கும்படி புரோகிராமுக்குள் மெத்தட் என்று தனியாகச் சில வரிகள் எழுதிவைத்தாள். இருபது தடவை சோதித்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

சீசன் தொடங்கியதும் விடியற்காலையில் இருநூறு பேரை ஒவ்வொருவராகச் சேமிக்க நேரமானது. சங்கத்துச் செயலாளர் பிச்சைமுத்து போனில் கத்தினார். "எக்செல்ல அடிச்சு ஒரே அடியா ஏத்துற மாதிரி பண்ணிக் குடுத்துரு ஷெரின்," என்றார் நிலவழகன்.

செய்து கொடுத்தாள். அப்படி மொத்தமாக ஏற்றும்போது தகவல் நேரே டேபிளுக்கு, அதாவது பதிவுகள் இருக்கும் அட்டவணைக்கு, போய்விடும். அவள் எழுதிய மெத்தட் ஓடாது. ஆளின் பதிவு மாறும், படகின் பட்டியல் நேற்றையதாகவே நிற்கும். அது அவளுக்குத் தெரியும். இரவில் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு புரோகிராமை ஓடவிட்டாள். முழுசாகத் திருத்துவதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆட்கள் அதிகம் படகு மாறுவதில்லை. ஐந்து மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சங்கத்து மீனவர் சந்தனசாமி வழக்கமாகப் போகும் படகுக்கு ஒருநாள் எஞ்சின் கோளாறு. அழகுமலையின் படகில் நாலாவது ஆளாக ஏறிக்கொண்டார். போகும்போது சங்கத்தில் படகு மாறியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர்களும் வழக்கம்போல எக்செலில் அடித்து ஏற்றினார்கள்.

ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. அழகுமலையின் படகு கவிழ்ந்தது. தேடப் போன படகுகளில் ஒன்று இரண்டு பேரைத் தூக்கியது; வெகுதூரம் தள்ளி இன்னொரு படகு ஒருவரைத் தூக்கியது. மற்றவர்களை அடுத்த படகு எடுத்திருக்கும் என்று இரண்டு பக்கமும் நம்பினார்கள். பிச்சைமுத்து படகின் பட்டியலைத் திறந்து பார்த்தார். மூன்று பேர். "எல்லாரும் கெடச்சாச்சு, திரும்பி வாங்க," என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்.

பயந்துபோய் ஓடிவந்த சந்தனசாமியின் மனைவி ஜெபமாலையிடம், "ஒன் வீட்டுக்காரர் போற படகு கரையிலதாம்மா கெடக்கு. அங்கிட்டு எஞ்சின் வேல பாத்துக்கிட்டு இருப்பாரு, போய்ச் சோத்த வடி," என்றார். அவளும் போய் உலை வைத்தாள்.

மூன்றரை மணிக்கு, மீட்கப்பட்ட மூவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தபோதுதான் அழகுமலை கேட்டார்: "சந்தனசாமிய எந்த வார்டுல போட்டுருக்காக?"

மறுபடியும் படகுகள் போயின. நாலு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

படகு கவிழ்ந்த மறுநாளே ஷெரின் பதிவுகளைப் பார்த்தாள். சந்தனசாமியின் பதிவில் காலை நாலு ஐம்பத்திரண்டுக்கே சரியான படகு ஏறியிருந்தது. படகின் பட்டியலில் அவர் பேர் இரவுதான் ஏறியிருந்தது. நிலவழகனிடம் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வாயத் தொறக்காத. ஆபீஸையே மூடணும்," என்றார்.

ஆனாலும் அவள் பஸ் ஏறி மீனவர் ஊருக்குப் போனாள். ஜெபமாலை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஷெரின் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். மெத்தட், டேபிள் எதுவும் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவரு அந்தப் படகுல போனது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா பாப்பா?"

"ஒரு எடத்துல தெரியும்க்கா."

"பெறகு ஏன் சொல்லல?"

வைவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் ஷெரின் வந்திருந்தாள். ஜெபமாலை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று இரவே ஷெரின் பிழையைத் திருத்தினாள். அரை மணி நேர வேலைதான். ஆனால் சங்கம் பழைய நோட்டுக்கே போய்விட்டது. திருத்தியதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நிலவழகன் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளாலும் விட முடியவில்லை. அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும். இப்போது ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். எதைச் சேமித்தாலும் நம்பிக்கை வராமல் நாலைந்து தடவை திறந்து பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெபமாலை போன் பண்ணுகிறாள். "அவரு பேருக்கு நேரா கம்ப்யூட்டர்ல புதுசா எதுவும் வந்திருக்கா? பாத்துச் சொல்லு பாப்பா."

அதில் எதுவும் வராது என்று முதல் தடவை விளக்கிப் பார்த்தாள். இப்போது விளக்குவதில்லை. லேப்டாப்பைத் திறந்து சந்தனசாமியின் பக்கத்தை எடுக்கிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி பாப்பா. அடுத்த வாரம் கேக்குறேன்."