ஏழு வாரம் டயர் தேடிய லைல் ஹக்கோலா

லைல் ஹக்கோலாவும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. நான் டயர் கடை வைத்தேன். அவன் டவுன்ஷிப் அலுவலகத்தில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷமாக ஊர் நாய்களுக்கு லைசென்ஸ் எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் முக்கால் மைல். அந்த முக்கால் மைலுக்கு அவன் வைத்திருந்த பிக்கப் டிரக், மலையைப் பெயர்த்து ஏற்றிப்போகத் தோதானது. அதில் அதுவரை ஏறிய பெரிய பாரம் ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் கடைக்கு வந்தான். டயர் நாலும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன.

"கிளென், டயர் வேணும். பனி, மழை, சேறு, பாறை, எது வந்தாலும் நிக்காமப் போகணும்."

"போறதுக்கு எந்த டயரும் போகும் லைல். நிக்கிற டயராப் பாரு."

ஒன்றை உருட்டிவந்து காட்டினேன். காட்டுப் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவானது. ரோட்டைக் கவ்வும் ரப்பர்க் கட்டிகள், நாங்கள் பட்டன் என்போம், நடுத்தரம். ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறினாற்போல மெல்லிய கீற்றுகள் உண்டு, ஈரத்தையும் பனியையும் கவ்விப் பிடிக்க. பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவே ஒரு பனிப்பூவும் பொறித்த முத்திரை. பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை கிடைக்கும்.

லைல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முகம் சுளித்தான். "மெத்துமெத்துனு இருக்கே. இது பொம்பளை டயர்."

தபால் கொண்டுபோகும் வெர்னா லாபெல் அப்போது கடையில்தான் இருந்தாள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு மைல், இருபத்தேழு குளிர்காலம், ஒரு பழைய சின்னக் கார். அதற்குப் பனி டயர் மாற்ற வந்திருந்தாள்.

"ஆமா லைல், நான் பொம்பளைதான். எனக்குப் போடு கிளென்."

"உன் வண்டியில முன்சக்கரம் ரெண்டுதான் இழுக்கும் வெர்னா. என்னுதுல நாலும் இழுக்கும்."

"இழுக்கட்டும். நிறுத்துறதுக்கு உனக்கும் நாலு, எனக்கும் நாலுதானே?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. வேண்டாததைக் காதில் வாங்காமலிருப்பதில் லைலுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அடுத்த ஏழு வாரமும் அவன் வேறு வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. வீடியோ பார்த்தான். நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தான். காபிக் கடையில் மரம் வெட்டுகிறவனிடம் கேட்டான், பனி ஒதுக்கும் வண்டிக்காரனிடம் கேட்டான், பல்வலியோடு போனபோது பல் டாக்டரிடமும் கேட்டான். சொன்னவர்களுக்கெல்லாம் அவர்கள் சொன்னது ஏன் தப்பு என்று விளக்கினான். நாய் லைசென்ஸுக்கு வந்தவர்கள் லைசென்ஸோடும் டயர் பற்றிய அரைமணி நேரப் பிரசங்கத்தோடும் திரும்பிப் போனார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் முடிவு செய்துவிட்டான். சேற்றில் ஓடுவதற்கான டயர். பட்டன் ஒவ்வொன்றும் ரொட்டித் துண்டு அளவு. கீற்று பேருக்குக்கூடக் கிடையாது. பெரும்பாரம் இழுக்கும் வண்டிக்கான பத்தடுக்குக் கனம் வேறு. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து.

"லைல், உன் வண்டி காலியா ஓடுற வண்டி. இது அதுக்குக் கல்லு மாதிரி. சேத்துல ராஜா, சரி. மிதிபட்டு இறுகின பனிமேல தண்ணி நின்னா வெறும் சறுக்குக் கட்டை."

"பார்த்தாலே பயமா இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு."

"பின்ன என்ன? போடு."

போட்டேன். வேண்டாம் என்று சொன்ன இதே கையால்தான் போட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். லைல் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தான். கல்யாணத்தன்று பெர்னடினைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவன் நான்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, சர்ச்சில் பாஸ்டி விற்பனை. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி நூற்று நாற்பது. சர்ச் மேட்டின் உச்சியில், விற்கும் கூடம் அடிவாரத்தில். வருஷா வருஷம் வெர்னாதான் தன் காரில் இறக்குவாள். சமையலறைப் பொறுப்பு பெர்னடினுடையது என்பதால், இந்த வருஷம் லைல் குறுக்கே வந்து நின்றான். "அந்த டப்பாவிலயா? என் வண்டி எதுக்கு இருக்கு?"

முந்தின நாள் பெய்த பனி ரோட்டில் இறுகிக் கிடந்தது. காலையில் அதன்மேல் தூறல். மேடு முழுக்கக் கண்ணாடி போல மின்னியது. நான் கூடத்தில் மேஜை விரித்துக்கொண்டிருந்தேன். லைலும் பெர்னடினும் பாஸ்டியை ஏற்றிக்கொண்டு இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரக்குக்குள் பேசியதைப் பிறகு பெர்னடின் சொன்னாள், எனக்கு மட்டும் இரண்டு முறை.

"லைல், ஏன் வண்டியத் திருப்புற?"

"நான் திருப்பல."

"பின்ன யாரு திருப்புறா?"

"அதுவாத் திரும்புது."

"பிரேக்கப் போடேன்."

"போட்டுத்தான் இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"சர்ச் வாசல்லேர்ந்து."

வேகம் ஒன்றும் இல்லை. டிரக் சாவகாசமாக அரை வட்டம் அடித்து, பின்பக்கத்தை முன்னே விட்டுக்கொண்டு இறங்கியது. பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு நடந்து இறங்கிய பாதிரியார் அதைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் கையசைத்தார். பெர்னடினும் அசைத்தாள். லைல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் கூடத்தைக் கடந்து, விளையாட்டு மைதானத்து ஓடையில் பின்சக்கரம் இரண்டும் இறங்க, வண்டி வானத்தைப் பார்த்து நின்றது. வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

பின்னாலேயே வெர்னா தன் காரில் நிதானமாக இறங்கிவந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏறு பெர்னடின். பாஸ்டிய எடுத்துக்கோ."

"நான்?" என்றான் லைல்.

"இடமில்லப்பா. நீ ஆறினாப் பரவாயில்ல, பாஸ்டி ஆறக்கூடாது."

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை லைல் தூறலில் நின்றபடி, போகிற வருகிறவரிடமெல்லாம் அந்த ரோட்டைச் சாய்வு தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு மேடே கோணல்.

திங்கட்கிழமை டிரக் கடைக்கு வந்தது. இறங்கியது பெர்னடின்.

"எதப் போடணும் கிளென்?"

முத்திரை டயரைக் காட்டினேன்.

"குளிர்ல இறுகிப் போகுமா?"

"இந்த ரப்பர் அவ்வளவா இறுகாது."

"ஈரத்துல நிக்குமா?"

"மெதுவாப் போனா நிக்கும். பறந்தா எதுவும் நிக்காது."

"சரி, போடு."

"லைல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஏழு வாரம் கேட்டாச்சு."

பதினோரு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது, அவள் காபி குடித்த நேரத்தையும் சேர்த்து. கழற்றிய நாலையும் காட்டில் மரம் இழுக்கிற ஒருவன் வாங்கிப் போனான். அங்கே அவை பிரமாதமாக ஓடுகின்றன. டயர் மேல் குற்றமில்லை.

வியாழக்கிழமை லைல் தனியாக வந்தான். அடுப்புப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு இறங்குறப்ப அவ ஒரு வார்த்தை திட்டல கிளென். சிரிச்சிக்கிட்டேதான் பேசினா. ஆனா சீட்டைப் புடிச்சிருந்த கை வெளுத்துப் போயிருந்துச்சு. பாத்துட்டேன்."

 அவனிடமிருந்து அப்படியொரு பேச்சை ஐம்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. அந்த மனநிலை ஐந்து நிமிஷம் நீடித்தது.

"ஆனாலும் அந்த டயரு சேத்துல..."

"முக்கால் மைல்ல சேறு எங்கடா இருக்கு?"

எழுந்து போய்விட்டான்.

ஜனவரியில் அவர்கள் இருவரும் நூற்றறுபது மைல் தள்ளியிருக்கும் பெர்னடினின் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார்கள். பதினோரு வருஷத்தில் குளிர்காலத்தில் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஓட்டியது பெர்னடின். போகும்போது வழிநெடுக லைல் எங்கே மிதிக்கணும், எங்கே விடணும் என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். திரும்பும்போது பாதி வழியில் தூங்கிப்போனானாம்.

"ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவன் தூங்கின எண்பது மைலும் நல்லா இருந்துச்சு" என்றாள்.