லிஃப்டில் அகப்பட்ட தலைமை

தலைமை தாங்கும் குணம் பிறவியிலேயே வர வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. எங்கள் குடும்பத்தில் அது மூத்த ஆண்பிள்ளைக்கு மட்டுமே வரும் என்றும் அவர் கண்டுபிடித்திருந்தார். அவரே மூத்த ஆண்பிள்ளை என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவருக்குப் பிறகு அது அவருடைய மகனிடம், அதாவது அண்ணனிடம், இறங்கியிருக்க வேண்டும். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணனைச் சனிக்கிழமைகளில், கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தையிலேயே, ஒரு தலைமைத்துவ வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிறவியில் வந்ததற்கு எதற்கு வகுப்பு என்று ஒருமுறை கேட்டேன். நானும் போகட்டுமா என்றும் கேட்டேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக, தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கனடாவுக்குப் போயிருந்தார். எங்களைக் கூப்பிடுவதற்கான பேப்பர்கள் வரும், வரும் என்று காத்திருந்தோம். பெரியப்பா குடியிருந்த அதே ஃபிளாட்ஸில், அவருக்கு மேல் மாடியில், ஆனால் எல்லா விஷயத்திலும் அவருக்குக் கீழேதான் நானும் அம்மாவும் இருந்தோம். நான் எங்கே படிப்பது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, எதுவானாலும் அவர் சொன்னதுதான். அம்மா ஓம் என்று தலையாட்டுவார்.

அது மின்வெட்டுக் காலம். அந்த ஃபிளாட்ஸில் ஜெனரேட்டர் கிடையாது. நானும் அம்மாவும் மூன்று தடவை லிஃப்டில் அகப்பட்டிருக்கிறோம். முதல் தடவை அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த தடவை அழவில்லை. செக்யூரிட்டியைச் சிங்களத்தில் கூப்பிட்டு, எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் நிற்கிறோம் என்று சொன்னார். கதவைத் தொட வேண்டாம், கரண்ட் வந்தால் லிஃப்ட் சொல்லாமல் கொள்ளாமல் நகரும் என்று அவர் கீழேயிருந்து கத்தினார். அம்மா என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். மூன்றாம் தடவை அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "இந்தமுறை நீ கூப்பிடு பாப்பம்" என்றார். நான் கூப்பிட்டேன். என் சிங்களம் அப்போது அவ்வளவு நல்ல சிங்களமில்லை, ஆனால் சத்தம் நல்ல சத்தம்.

அந்த வருஷம் பெரியப்பாவின் மகளுக்கு எழுத்து. பதிவுத் திருமணத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனை, மண்டபமும் அங்கேதான். ராகுகாலம் பிறக்குமுன் கையெழுத்து வைத்துவிட வேண்டும். மின்வெட்டு பின்னேரம்தான் என்று அறிவித்திருந்ததை நம்பிப் பெரியப்பா எல்லாரையும் லிஃப்டில் இறங்கச் சொன்னார். மணப்பெண்ணும் என் அம்மாவும் முதலில் இறங்கி, வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறிவிட்டார்கள். அடுத்த தடவை பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், கையில் வெற்றிலைத் தட்டத்தோடு நான். பாதிவழியில் கரண்ட் போனது.

பெரியம்மா கந்தனைக் கூப்பிட்டார். பெரியப்பா கதவைக் கூப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அதன்மேல் அப்படிக் குத்தினார். கதவு கொஞ்சம் விலகியது. கீழே, ஓர் ஆள் நுழையக்கூடிய இடைவெளியில், இரண்டாம் மாடியின் தரை தெரிந்தது.

"ராகுகாலம் வரப்போகுது. நீ இதுக்காலை குதிச்சுப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா" என்று பெரியப்பா அண்ணனிடம் சொன்னார். அண்ணன் இடைவெளியையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பாவம். ஆனாலும் அப்பா சொல்லிவிட்டாரே என்று குனிந்தான்.

நான் தட்டத்தைப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அந்த இடைவெளிக்குக் குறுக்கே உட்கார்ந்தேன்.

"பெரியப்பா, கதவைத் தொடாதேங்கோ. கரண்ட் வந்தால் லிஃப்ட் நகரும். எல்லாரும் கீழை இருங்கோ."

"தள்ளு பிள்ளை."

"தள்ளமாட்டன்."

எங்கள் குடும்பத்தில் அவரிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அய்யே, லிஃப்ட் ஹிர வெலா" என்று கீழ்நோக்கிக் கத்தினேன். லிஃப்ட் சிக்கிக்கொண்டதென்று செக்யூரிட்டிக்கு விளங்கியது. வருகிறேன் என்று அவர் பதில் தந்ததும் பெரியம்மா பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்தார். அண்ணனும் உட்கார்ந்தான். பெரியப்பா மட்டும் என் தோளை விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

செக்யூரிட்டி மேலே ஏறுமுன்னரே கரண்ட் வந்துவிட்டது. அந்தப் பழைய லிஃப்டுக்குக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற கவலையெல்லாம் இல்லை. ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கீழே இறங்கியது. அந்த இடைவெளி எங்கள் கண்முன்னாலேயே மேலே ஏறி இல்லாமல் போனது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே வந்து சேரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ராகுகாலம் பிறக்குமுன்னரே போய்ச் சேர்ந்துவிட்டோம். மண்டபத்தில் பெரியப்பாவுக்கு வாய் திறந்தது. சம்பந்தி வீட்டாருக்கு நடந்ததை எல்லாம் சொன்னார். தான் போட்ட உத்தரவை மட்டும் கதையில் சேர்க்கவில்லை. பிறகு என் தலையில் கை வைத்து, "எங்கடை ரத்தமல்லோ, பிறவியிலை வந்த குணம். ஆம்பிளைப் பிள்ளையாய்ப் பிறந்திருக்க வேண்டியவள்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் பெரியப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார், நான் பிறவித் தலைவி.

தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"பிறவியிலை வந்தது ஒண்டுமில்லை, அத்தான். முதல்தரம் லிஃப்டுக்கை நிண்டு நான் அழுதனான். பிறகு பழகினனான். அவளும் என்னோடை நிண்டு பழகினவள். பொம்பிளைப் பிள்ளையாய்த்தான் பழகினவள்."

சொல்லிவிட்டு அம்மா மறுபடி தட்டங்களை அடுக்கத் தொடங்கினார். சம்பந்தியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெரியப்பா பதிவாளரைத் தேடிக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் கிடைத்த பட்டத்தை அம்மாவே பறித்துவிட்டாரே என்று ஆத்திரம். திரும்பி வரும்போது வானில் அவருக்குப் பக்கத்தில் இருந்தும் முகம் கொடுக்கவில்லை.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உண்மையைத்தானே சொன்னனான்."

இன்றைக்கும் தலைமை என்பது பிறவியில் வருவது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அம்மா செய்தது எனக்கு விளங்கவில்லை. பிறவி என்று விட்டிருந்தால், நான் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்ததுகூடப் பெரியப்பாவின் ரத்தம் செய்த காரியமாகப் போயிருக்கும். அதை அவர் கையிலிருந்து வாங்கி எனக்கே தந்துவிட்டு, வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதி முழுக்க அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.